ஏழு பேர், எட்டுச் சீட்டு

கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஈரக் காற்று உள்ளே வருகிறது. தகரக் கூரையில் மழை விழுகிற வேகத்தைப் பார்த்தால் நாளைக் காலை கத்தரி இல்லை, ஆடு கத்தரிப்பதா வேண்டாமா என்று ஓட்டுதான். அதனால் இந்தக் கதையை இன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.

நம் ரெக் இருக்கிறானே... அதோ, அடுப்போரம் காலை நீட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறவன். அவனுடைய தாய்மாமன் டெஸ் ஹாலரனுக்கு நடந்தது இது. மாமன் இதை முப்பது வருஷம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாகிற வருஷம் ரெக்கிடம் மட்டும் சொன்னார். சந்தேகம் இருந்தால் அவனையே எழுப்பிக் கேளுங்கள். எழுந்திருக்க மாட்டான்.

மாலை ஐந்தரை மணி. பர்க் ஊரிலிருந்து மேற்கே போகிற கருமண் ரோடு. மழை அப்போதுதான் விட்டிருந்தது. எழுபது மைலுக்கு ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. லாரிச் சக்கரத்தில் சேறு அப்பிக்கொள்ளும்... இறங்கித் தள்ளுவார்கள். ஏறுவார்கள். மறுபடி இறங்கித் தள்ளுவார்கள். டில்கெரிப் பண்ணையில் ஆட்டுரோமம் கத்தரிக்கப் போகிற ஏழு பேர். லாரியில் பேச்சே இல்லை.

கத்தரிக்காரர்கள் ஏழு பேர் ஒரு லாரியில் போய்ப் பேச்சே இல்லையென்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். சரியில்லைதான். பத்து மாத வேலைநிறுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பண்ணைக்காரர்கள் கூலியைக் குறைக்கப் பார்த்தார்கள், சங்கம் விடவில்லை, முயல் கறியைத் தின்றே ஜனங்கள் பத்து மாதம் தாக்குப்பிடித்தார்கள். ஜெயித்தார்கள். ஆனால் அந்தப் பத்து மாதமும் கொட்டகைகள் சும்மா கிடக்கவில்லையே. யாரோ போய்க் கத்தரித்தார்கள். அந்த யாரோ இப்போது எந்த லாரியில், எவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்? கருங்காலி நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருவான்? அதனால் ஒருவனை ஒருவன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போனார்கள்.

டெஸ்தான் அந்தக் குழுவுக்குச் சங்கத்து ஆள். கொட்டகைக்குக் கொட்டகை நாமே கைதூக்கி ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறோமே, அந்த வேலை. முப்பத்தைந்து வயது. வேலைநிறுத்தத்தின்போது ஒரு நாள்கூட ஆடாமல் நின்றவன். வீட்டில் தெல்மாவுக்கு இது நிறை மாதம், தலைச்சன் பிள்ளை. மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான். போன வருஷம் ஒன்று தங்காமல் போனதிலிருந்து அவளுக்குத் தனியாக இருக்கப் பயம்.

டில்கெரிக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மசமசவென்று இருட்டிவிட்டது. மரப்படி ஐந்து. மூன்றாவது படி உளுத்துப்போயிருந்தது. ஏறிய ஒருவன் காலை உள்ளே விட்டுவிட்டுக் கெட்ட வார்த்தையாகக் கொட்டினான். அவனுக்கு முன்னால் மூட்டையோடு ஏறிப்போன மெர்வ் என்பவன் மட்டும்... இரண்டாவதிலிருந்து நாலாவதுக்குத் தாண்டி ஏறினான். குனிந்து பார்க்கவில்லை. விளக்கும் இல்லை. டெஸ் அதைப் பார்த்தான். மனதில் முடிந்துவைத்துக்கொண்டான்.

கொட்டகைக்குள், கயிற்றை இழுத்தால் எஞ்சினில் ஓடுகிற எட்டுக் கத்தரிக்கு எட்டு இடம். சீட்டுக் குலுக்கி ஏழு பேரும் ஆளுக்கொரு இடம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில், சுவரோரம் இருந்த எட்டாம் இடம் காலி. அந்தச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கயிறு, கயிற்றில் செங்காவிக் கட்டி ஒன்று தொங்கியது.

பெர்ஸ் கிழவர் அதைப் பார்த்ததும் காறித் துப்பினார். அவருக்கு அறுபத்திரண்டு வயது, நெஞ்சில் எப்போதும் ஒரு கரகரப்பு. அந்தக் காலத்தில் மேனேஜர் இந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவான். கத்தரித்தது தனக்குப் பிடிக்கவில்லையென்றால் ஆட்டின் முதுகில் ஒரு சிவப்புக் கோடு. கோடு விழுந்த ஆடு எண்ணிக்கையில் சேராது. பட்ட பாடெல்லாம் பாழ். சங்கம் அதை ஒழித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் இந்தக் கட்டி பழையதில்லை. புதுசு. பாதிதான் தேய்ந்திருந்தது.

"போன வருஷத்து வேலை இது," என்றார் பெர்ஸ். "கேக்க ஆளில்லன்னு திரும்ப எடுத்திருக்கான்."

மறுநாள் காலை ஏழரைக்கு மணி அடித்தது. ராத்திரி பெய்த மழையில் ஆடுகள் நனைந்திருந்தன. மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், ரோமத்தைப் பிரித்தால் உள்ளே சில்லென்று இருக்கும். இந்த இடத்தில் புதிதாக வந்த நம் சமையல்காரருக்காக ஒரு வார்த்தை. அவர் குழம்பைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். ஈர ஆட்டைக் கத்தரித்தால் அந்த ஆவி நெஞ்சில் இறங்கும், மூட்டில் இறங்கும். அதனால் கத்தரிப்பதா வேண்டாமா என்று முதலாளி சொல்ல முடியாது. ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்போம். பிறகு ஆளுக்கொரு சீட்டு, தொப்பிக்குள். 'ஈரம்' அல்லது 'காய்ந்தது'. எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு. சமமாக வந்தால் மறுபடி இரண்டு ஆடு, மறுபடி ஓட்டு. யார் என்ன எழுதினான் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. எண்ணி முடித்ததும் சீட்டை அடுப்பில் போட்டுவிடுவோம்.

பெர்ஸ் விஷயத்தில் மட்டும் இந்த ரகசியமெல்லாம் கிடையாது. அவருக்கு எழுதத் தெரியாது. ஈரமென்றால் சீட்டில் மூன்று சொட்டு வரைவார். சொட்டு ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவு இருக்கும். "கெழவர் ஓட்டு ரகசியம்ப்பா, யாரும் பாத்துடாதீங்க" என்று கொட்டகைக்குக் கொட்டகை கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

டெஸ் நோட்டுத் தாளைக் கிழித்து ஏழு சீட்டுக் கொடுத்தான். ஏழும் தொப்பிக்குள் விழுந்தன. மேனேஜர் லக்ஸ்டன் வாசலில் சாய்ந்து புகைக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளம் வழியை அடைப்பதற்குள் ரோமம் முழுக்க அக்கரை போயாக வேண்டும் அவனுக்கு.

டெஸ் ஒவ்வொன்றாகப் பிரித்தான். மூன்று ஈரம். நாலு காய்ந்தது. சரி, ஏழு. தொப்பியைக் கவிழ்க்கப் போனான்... உள்ளே இன்னொன்று.

எட்டாவது சீட்டு. ஈரம்.

பென்சிலில் எழுதியதில்லை. சிவப்பு. செங்காவியால் கீறி எழுதியிருந்தது. தாள் நைந்து சொதசொதவென்றிருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஈரக் கம்பளி நாற்றம். அதற்கும் அடியில்... யூகலிப்டஸ் தைலம். நெஞ்சுச் சளிக்குத் தேய்ப்பார்களே, அந்த வாசனை.

எல்லாக் கண்ணும் டெஸ் மேல். தொப்பி அவனுடையது, சீட்டு அவன் கிழித்தது, எண்ணியதும் அவன். வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்? லக்ஸ்டன் வாசலில் இருந்தபடியே சிரித்தான்.

"ஏழு பேருக்கு எட்டு ஓட்டா? ஒங்க சங்கத்துல செத்தவன்கூட ஓட்டுப் போடுவான் போல."

அதோடு விடவில்லை. இன்னொரு தடவை எண்ணிக்கை பிசகினால் ஊர் முழுக்கச் சொல்வானாம். சங்கத்து ஆளே கள்ள ஓட்டுப் போடுகிறான், இனி ஈரமா இல்லையா என்பதைப் பண்ணைக்காரனே பார்த்துக்கொள்வான் என்று பத்திரிகையில் வரவைப்பானாம். சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் செய்வான். அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

டெஸ்ஸுக்கு உடம்பு எரிந்தது. பத்து மாதம் பட்டினி கிடந்து காப்பாற்றிய பெயர். அதைவிடப் பெரிசு அந்தத் தொப்பி. அப்பன் காலத்தில் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய உரிமை, தன் கையில் வந்து நாறுகிறதே என்று துடித்துப்போனான். எட்டை வைத்துப் பார்த்தாலும் நாலுக்கு நாலு. இன்னும் இரண்டிரண்டு ஆடு கத்தரித்துவிட்டு மறு ஓட்டு என்றான்.

இந்தத் தடவை சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டான். தொப்பியை உதறிக் காட்டினான். ஏழு தாளையும் சத்தமாக எண்ணிக் கொடுத்தான். ஒவ்வொருவனும் வரிசையாக வந்து, விரித்த கையில் ஒற்றைச் சீட்டைக் காட்டிவிட்டுப் போட வேண்டும். போட்டார்கள். ஒன்று... இரண்டு... ஏழு. தொப்பியின் வாயை உடனே கையால் பொத்திக்கொண்டான்.

பொத்திய கைக்கு அடியில் ஏதோ சில்லென்றது.

பிரித்தான். மூன்று ஈரம். நாலு காய்ந்தது. அப்புறம் சிவப்பு. ஈரம்.

இப்போது யாரும் டெஸ்ஸைப் பார்க்கவில்லை. கண்ணெதிரில் நடந்ததை எப்படி மறுப்பார்கள்? ஒருவன் மெதுவாகச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினான். ஆணியில் தொங்கிய செங்காவிக் கட்டியின் முனை நனைந்து பளபளத்தது. கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

டெஸ் மட்டும் வேறு ஒருவனைப் பார்த்தான். மெர்வை. மெர்வின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. எட்டாம் இடத்துப் பக்கம் திரும்பவே மாட்டேனென்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மூணாம் படி ஒடஞ்சிருக்குன்னு ஒனக்கு யாருப்பா சொன்னது?" என்று கேட்டான் டெஸ்.

மெர்வ் இன்னும் குனிந்துகொண்டான்.

"போன வருஷம் எங்க இருந்த?"

"இங்கதான்," என்றான் மெர்வ்.

பிறகு மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வேலைநிறுத்தம் ஆறாம் மாதத்தைத் தாண்டியபோது அவன் பிள்ளைகள் இரண்டும் சீக்கில் கிடந்தனவாம். லக்ஸ்டன் ஆள் அனுப்பினான், லாரியில் ஏறிவிட்டான். எட்டுப் பேர் வந்தார்கள். அப்போதும் இதே மாதிரி மழை. எட்டாம் இடத்தில் ஆர்ச் பென்ஹேல் என்று ஒருவன். ஆடெல்லாம் நனைந்திருக்கிறதே, ஓட்டுப் போடுவோம் என்று அவன்தான் கேட்டானாம். லக்ஸ்டன் விழுந்து விழுந்து சிரித்தான். கருங்காலிக்கு ஓட்டு ஒரு கேடா என்றான். மற்ற ஏழு பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். மெர்வும் சிரித்தான். ஆர்ச் கத்தரித்தான். நடுக்கத்தில் கை ஓடவில்லை. அவன் ஆட்டிலெல்லாம் சிவப்புக் கோடு. நாலாம் நாள் காய்ச்சல். நெஞ்சு முழுக்கத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து கத்தரித்தான். ஒன்பதாம் நாள் அந்த எட்டாம் இடத்திலேயே, ஆட்டின் மேலேயே சரிந்தான். ஆற்றங்கரையில் புதைத்தார்கள். கருங்காலியின் பெட்டிக்குத் தோள் கொடுக்க ஊரில் ஒரு சங்கத்துக்காரனும் வரவில்லை.

"அவன் எனக்காகப் போடல டெஸ்," என்றான் மெர்வ். "நம்ம எல்லாருக்காகவும்தான் போடறான். கத்தரிக்காதீங்கப்பா."

கொட்டகை முழுவதும் டெஸ்ஸின் வாயைப் பார்த்தது. சமம் என்றால் மறு ஓட்டு. ஆறேழு ஓட்டுப் போனால் பொழுதும் போய்விடும், ஆடும் காய்ந்துவிடும், ஒருவருக்கும் நோவு இல்லை. பெர்ஸ் கிழவர் கம்பளிக் குவியலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

இங்கேதான், ரெக்கிடம் சொல்லும்போது மாமன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம்.

ஏனென்றால் அந்த நாலு 'காய்ந்தது'வில் ஒன்று டெஸ்ஸுடையது. போகிற கொட்டகையிலெல்லாம் ஈர ஆட்டைத் தொடவே கூடாது என்று நியாயம் பேசியவன், சீட்டு கைக்கு வந்ததும் தெல்மாவை நினைத்துக்கொண்டான். மூன்று வாரம் நாலு வாரமாகிவிட்டால்? ஆறு பெருகி ரோடு அடைத்துவிட்டால்? யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதிவிட்டான். இரண்டு தடவையும் அதையே எழுதினான். ஊருக்கு உபதேசம், தனக்கு இல்லை.

எழுந்து நின்று, நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"கருங்காலிக்கு ஓட்டு கெடையாது. உசுரோட இருக்கறவனுக்கும் இல்ல, செத்தவனுக்கும் இல்ல."

யார் மறுத்துப் பேச முடியும்? சங்கத்தின் பேச்சல்லவா. சிவப்புச் சீட்டைக் கழித்தான். கத்தரிக்காதீங்க என்றவன் சீட்டு ஈரமாகத்தானே இருக்கும் என்று மெர்வின் சீட்டையும் கழித்தான். இரண்டு ஈரம், நாலு காய்ந்தது. கத்தரிக்கலாம். சீட்டு முழுவதையும் தானே அள்ளிக்கொண்டு போய்ச் சமையல் அடுப்பில் போட்டான். சிவப்புச் சீட்டு மட்டும் எரியாமல் கொஞ்ச நேரம் 'உஸ்ஸ்ஸ்' என்றது... பிறகு அதுவும் எரிந்துவிட்டது.

அவன் திரும்பி வந்தபோது மெர்வ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் படியைத் தாண்டி இறங்கி, மழையில், கருமண் ரோட்டில் நடந்து போனான். வேலை தொடங்க மணி அடித்தது. ஆறு கத்தரியும் ஓடத் தொடங்கின. ட்ர்ர்ர்ர்... நடுவில் ஒரு கணம், எட்டாம் இடத்துக் கத்தரியும் ஓடியது. அதன் கயிற்றை யாரும் இழுக்கவில்லை. ஓடி, நின்றுவிட்டது. அப்புறம் அது ஓடவே இல்லை.

நாள் முழுவதும் ஆட்டின் மேலிருந்து ஆவி எழும்பிக்கொண்டே இருந்தது. சட்டை, கால்சட்டை, உள்ளே தோல் வரை ஈரம். நாலாம் நாள் பெர்ஸ் எழுந்திருக்கவில்லை. மார்பில் தைலத்தைத் தேய்த்துவிட்டார்கள். அந்த வாசனை வந்ததுமே டெஸ் வெளியே எழுந்து போய்விட்டான். லாரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே போய்விட்டார். சங்கத்துக் கொடி போர்த்திய பெட்டி. முன்னால் தோள் கொடுத்தவன் டெஸ்தான். கிழவர் கடைசி வரை யாரையும் குறை சொல்லவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க அவன் நடையை எட்டிப் போட்டான்.

சொன்னபடி மூன்றாம் வாரமே வீட்டுக்குப் போனான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு பண்ணை. டில்கெரியிலிருந்து இருநூறு மைல். சின்னக் கொட்டகை, டெஸ்ஸோடு ஐந்தே பேர், மற்ற நாலும் புது முகங்கள். டெஸ்ஸின் பெயர் அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. கருங்காலியைக் கண்டுபிடித்துத் துரத்திய ஆளாயிற்றே. சங்கத்து ஆளாக அவனையே வைத்தார்கள். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னான், விடவில்லை.

வந்த மூன்றாம் நாள் மழை. காலையில் ஓட்டு.

அன்றைக்கு டெஸ் 'ஈரம்' என்று எழுதினான். உண்மையாகவே எழுதினான். நாலாக மடித்து, அடையாளத்துக்கு ஒரு மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்துவிட்டுப் போட்டான். பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பிரிக்காமல், விரலால் தொட்டு முதலில் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மறுபடி எண்ணினான். ஐந்து. ஐந்து பேர், ஐந்து சீட்டு. எல்லாம் காய்ந்த தாள். வாசனை ஏதும் இல்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கின மாதிரி இருந்தது.

பிரித்து வாசித்தான். ஈரம். காய்ந்தது. ஈரம். காய்ந்தது. ஐந்தாவதைப் பிரித்தான்.

எழுத்து இல்லை. மூன்று சொட்டு. ஒவ்வொன்றும் கத்தரிக்காய் அளவு.

சுற்றி நாலு பேரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவனுக்கும் பெர்ஸைத் தெரியாது. "ஈரம்," என்று வாசித்தான் டெஸ். மூன்றுக்கு இரண்டு, வேலை இல்லை. எல்லோரும் சந்தோஷமாகச் சீட்டாடப் போய்விட்டார்கள். கணக்கு சரியாக இருக்கிறதே, யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

அவன் மட்டும் அங்கேயே உட்கார்ந்து அந்த ஐந்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூலை கடித்த சீட்டு அதில் இல்லை. தொப்பியை உதறினான். மடிப்பை, வார்ப்பட்டையைக் கிழித்துப் பார்த்தான். பலகை இடுக்கெல்லாம் துழாவினான். இல்லை. அவனுடைய ஓட்டு எங்கேயும் இல்லை.

சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் பூட்ஸ் மாட்ட உட்கார்ந்தான். வலது காலை உள்ளே விட்டதும் விரலில் ஏதோ சில்லென்று பட்டது. கையை விட்டு எடுத்தான். சொதசொதவென்று நனைந்த ஒரு சீட்டு. ஈரக் கம்பளி நாற்றம்.

பிரித்தான். இன்றைக்கு எழுதியது இல்லை. டில்கெரியில், தன் கையாலேயே அடுப்பில் போட்டு எரித்தது. அவனுடைய எழுத்துதான், பென்சிலில்: காய்ந்தது.

அதன் மேல் குறுக்கே, முனைக்கு முனை, ஒரு சிவப்புக் கோடு. தொட்டதும் விரலில் ஒட்டியது.